‘ஓம்’ என்பதற்கு ஒரு பக்க விளக்கம்

கட்டாத கடனுக்குப் பொருளைத் தூக்க வருகிறவனைப் பெயிலிவ் என்போம்; அந்தச் சொல்லை இப்போது பாவிக்கக் கூடாதாம். அமலாக்க அலுவலர் என்றுதான் எழுத வேண்டும் என்று நான் வேலையில் இருந்த காலத்திலேயே சுற்றறிக்கை வந்தது. பெயர் மாறியது, கதவில் இடிக்கிற இடி மாறவில்லை. நோர்பரியில் நான் இருபத்திரண்டு வருடம் இருந்த ஆலோசனை நிலையத்துக்கு வந்த தமிழாட்களில் ஒருவரும் "அலுவலர் வந்தார்" என்று சொன்னதில்லை. "அண்ணை, பெயிலிவ் வந்து நிக்கிறான்" என்றுதான் போன் எடுத்தார்கள். நானும் இங்கே அப்படியே எழுதப்போகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு இனி யார் சுற்றறிக்கை அனுப்பப்போகிறார்கள்.

போன மாதம் அந்த நிலையத்தின் முன்மேசையை மூடிவிட்டார்கள். இனி ஆட்கள் நேரே வந்து உட்கார முடியாது. கணினியில் படிவம் நிரப்பினால் பதில் வரும். அந்தப் படிவத்தோடு சேர்த்துப் போடுவதற்கு, பிழையான இடத்தில் கார் நிறுத்தியதற்கான பாக்கிங் தண்டத்துக்காக வரும் பெயிலிவின் கட்டணத்தை எப்படி மறுப்பது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் கேட்டார்கள். சுருக்கமாக, எண் போட்டு, எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்ததிலிருந்து ஒரு மனிதரின் முகம் மனதை விட்டுப் போக மறுக்கிறது. அந்த இரண்டு பக்கத்தில் அவருக்கு இடமில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கென்று படித்து வந்தவன் அல்ல. அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்று, மற்றவர்களின் விசாக் கடிதங்களை வாசித்துச் சொல்லிச் சொல்லியே ஆங்கிலக் கடிதம் பழகியவன். பிறகு ஒரு மாலை வகுப்பு, இரண்டு சான்றிதழ், ஒரு மேசை. மற்றதெல்லாம் ஹெலனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

ஹெலன் எங்கள் மேற்பார்வையாளர். வேல்ஸ்காரி. முன்பு நீதிமன்ற அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் நான் எழுதிய கடிதத்தை அவர் வாசிக்கத் தொடங்கினால் கையில் பென்சில் இருக்கும். "இரக்கமற்ற", "அநியாயமான", "மனிதத்தன்மையில்லாத" என்று நான் ஆசையோடு போட்ட சொற்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு வெட்டுவார். பிறகு கேட்பார்: எத்தனை மணிக்கு வந்தான், எங்கே நின்றான், வீட்டில் யார் இருந்தார்கள், அவன் என்ன சொன்னான், இவர் என்ன சொன்னார். அவனுக்கு இரக்கம் இருந்ததா இல்லையா என்பதை அவர்கள் மறுக்கலாம், காலை ஆறு ஐம்பதை மறுக்க முடியாது என்பது அவருடைய கட்சி. யாராவது அழத் தொடங்கினால் கண் துடைக்கிற கடதாசித் துணிப் பெட்டியை மெல்ல அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுப் பேனாவைக் கீழே வைப்பார். அழுது முடியும் வரை எடுக்க மாட்டார்.

அவரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. கடிதத்தோடு கடித உறையையும் கேள். மொழிபெயர்த்தால் ஒரு சொல்லும் விடாதே. இந்த இரண்டாவதை என் வாழ்நாளில் ஒரு தடவைதான் மீறினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் காரின் கண்ணாடியில் கவுன்சில், அதாவது நகரசபை, ஒட்டுகிற தண்ட டிக்கெற். கட்டாவிட்டால், கார் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கடிதம். பிறகு தொகை ஏறி இன்னொரு கடிதம், பிறகு நீதிமன்றத்தின் பெயரில் ஒன்று, அதற்கும் அசையாவிட்டால் பெயிலிவ் கொம்பனி. கொம்பனி கடிதம் எழுதினால் ஒரு கட்டணம், வாசலுக்கு வந்தால் அதைவிடப் பெரிய கட்டணம். இதை எதிர்க்க இரண்டு வழிகள் இருந்தன. கவுன்சில் அனுப்பிய கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை என்று கார்ச் சொந்தக்காரர் ஒரு படிவத்தில் உண்மை சொல்லிக் கையெழுத்து வைத்தால், எல்லாம் அப்படியே நிற்கும்; ஏற்றுக்கொண்டால் தொடக்கத்துக்குப் போகும். பொய் சொன்னால் சிறைக்கும் போகலாம். மற்ற வழி, பெயிலிவ் நடந்துகொண்ட விதத்தையும் அவன் கட்டணத்தையும் எதிர்த்து முறைப்பாடு செய்வது. அது ஆமை.

சிரிக்கிற சங்கதிகளும் இருந்தன. விம்பிள்டனில் இருந்து, ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு மாஸ்டர் வந்தார். எங்கள் ஆட்கள் வழக்கம்போலத் தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்ததால், பெயிலிவ் வாசலில் நின்று தகப்பனின் பெயரைச் சொல்லி, அந்த ஆளை வெளியே வரச் சொல்லியிருக்கிறான். மாஸ்டருக்கும் கோபம் வந்துவிட்டது. "அவர் சாவகச்சேரியில செத்து இருபது வருஷம், போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றாராம், நல்ல ஆங்கிலத்தில். அவன் தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொல்லிவிட்டு, கடனாளி காலமானார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். ஹெலன் சிரிக்கவில்லை. தான் உயிரோடு இருப்பதாக மாஸ்டரையே ஒரு கடிதம் எழுதவைத்தார்.

தேவி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பத்தெட்டு வயது, அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை, விடியற்காலை ஷிப்ட். உடுப்பு மாற்றாமல் வேலைச் சீருடையோடேயே வந்திருந்தா. கணவர் குணம் அண்ணைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். போக நாற்பது நிமிடம், இயந்திரத்தில் நாலு மணித்தியாலம், வர நாற்பது நிமிடம். அதற்கென்றே வைத்திருந்த பழைய காரை, நாலு நாளைக்கு முன்னால், தேவி வேலையில் நின்ற நேரம், பெயிலிவ் லொறியில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கார் அண்ணையின் பெயரில் இருந்தது. ஓட்டுவது தேவி.

தண்டம் எதற்கு என்று கேட்டேன். அந்தப் பதிலை நான் மறக்கப்போவதில்லை. மாற்றுத் திறனாளிகளின் காருக்குக் கவுன்சில் தருகிற நீல அட்டையை, புளூ பாட்ஜை, முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். அதில் ஒரு பக்கம் இலக்கம், மறுபக்கம் ஆளின் படம். இலக்கம் மேலே தெரிய வேண்டும் என்பது சட்டம். தேவி படம் மேலே தெரிய வைத்திருக்கிறா. இலக்கம் தெரியவில்லை என்று டிக்கெற் விழுந்துவிட்டது.

"உயிரோடை இருக்கிற மனுசன்ரை முகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறதோ அண்ணை? என்ரை கை போகேல்லை" என்றா.

எங்கள் நிலையத்தில் ஆங்கிலேயர்கள் இதே பிழையைக் கவனமில்லாமல் விட்டிருக்கிறார்கள். தெரிந்தே, மனம் கேளாமல் விட்டவ இவ ஒருத்திதான். எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஹெலன் என்னைப் பார்த்து, அவ சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். பென்சிலை எடுக்கவில்லை.

காசைக் கட்டிக் காரை எடுத்துவிட்டுப் பிறகு சண்டை பிடிப்போம் என்றேன். அதுதான் நாங்கள் வழக்கமாகச் சொல்வது. குணம் அண்ணை வேலையை விட்ட நாளிலிருந்து, கேட்கக்கூடியவர்கள் எல்லோரிடமும் கடன் கேட்டு முடிந்துவிட்டதாம். இனி ஒருவர் வீட்டு மணியையும் அடிக்க முகமில்லை என்றா.

அடுத்து வேகமான வழி. "தங்கச்சி, கவுன்சில் கடிதங்கள் வந்ததோ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வரேல்லை அண்ணை."

படிவத்தை எடுத்துவிட்டேன். அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் கட்டளை கட்டளைதானே. ஏதாவது உறை, கிழிந்தது, திறக்காதது, எதுவாக இருந்தாலும் வீட்டில் இருக்கிறதோ என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். தேவி கைப்பையைத் திறந்து ஒரு கடைப்பையை மேசையில் வைத்தா. உள்ளே ஐந்து உறைகள், எல்லாம் அண்ணையின் பெயருக்கு வந்தவை, ஒன்றும் திறக்கப்படவில்லை. மண்ணிற உறையைக் கண்டாலே எங்கள் சனத்துக்கு அகதி வழக்குக் காலத்துப் பயம் வரும். அதோடு டயலிசிஸ் தொடங்கியதிலிருந்து அண்ணை, "என்னாலை உனக்கு எவ்வளவு கரைச்சல்" என்று சொல்லிச் சொல்லி இனி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று இரண்டு தடவை நின்றிருக்கிறார். அவர் கண்ணில் படக் கூடாது என்று வந்த உறைகளைச் சாமித்தட்டில், அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டா. கார்க் கண்ணாடியை உடைத்து நீல அட்டையைக் களவெடுக்கிறார்கள் என்று, அதையும் ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து அதே தட்டில்தான் வைப்பா. அதனால் பெயிலிவ் வந்த காலை கார் வெறுங்கண்ணாடியோடு நின்றது. அட்டை கண்ணாடிக்குள் இருந்திருந்தால் அவன் காரைத் தொட்டிருக்க முடியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடிதம் வீட்டுக்கு வந்தது. ஆனால் அண்ணைக்குக் கிடைத்ததா? அவர் கண்ணாலும் காணவில்லை. படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர். எனக்குக் கிடைக்கவில்லை, மனைவி என் உடம்பை நினைத்து மறைத்துவிட்டா என்று நடந்ததை நடந்தபடி அவர் எழுதியிருந்தால் அது பொய்யே அல்ல. ஏற்றுக்கொள்வார்களோ என்னவோ, கேட்டுப் பார்க்கலாம் என்று ஹெலனும் சொன்னார். ஆனால் அதற்கு அண்ணைக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

தேவி என் கையைப் பிடித்துவிட்டா. "அவருக்கு மட்டும் சொல்லாதேங்கோ. அவர் என்னை ஒரு சொல்லும் பேச மாட்டார் அண்ணை. அதுதான் எனக்கு ஏலாது."

நான் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் பொறுத்து இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஹெலனும் முடிவு அவர்களுடையது என்றார். படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு ஆமை வழியில் போனோம்.

முறைப்பாட்டில் எங்களிடம் நல்ல பிடி இருந்தது. கடனாளி நோயாளியாக இருந்தால், உதவி கேட்க அவருக்கு அவகாசம் கொடுக்காமல் பொருளைத் தூக்கினால், வாசலுக்கு வந்த கட்டணத்தை வாங்க முடியாது. வீட்டில் தனியே நின்றவர் நோயாளி. நீல அட்டையை அவர் எடுத்துவந்து காட்டியுமிருக்கிறார். அவருடைய சாட்சியத்துக்காக ஒருநாள் போன் எடுத்தேன். மெல்லிய குரல். "அந்தத் தம்பி மரியாதையாத்தான் கதைச்சவர். அட்டையைக் காட்டினன். பிந்திப்போச்சு எண்டார்" என்றார். அவ்வளவுதான். கடிதங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேவிக்குக் கொடுத்த வாக்கு இருந்தபடியால் நானும் கேட்கவில்லை. போனை வைக்கும்போது தேவி பாவம், அவவை அலைய வைக்காதேங்கோ என்றார்.

கொம்பனி மறுத்து எழுதியது. அவர்களுடைய ஆளின் குறிப்பின்படி, வீட்டில் இருந்த ஆண் தலையாட்டி, ஆம் ஆம் என்று சொல்லி, காரை எடுக்கச் சம்மதித்தார். நோயாளி என்று அவர் சொல்லவில்லை. பெயிலிவ் நெஞ்சில் ஒரு கமெரா கட்டியிருப்பான். அந்தப் பதிவைத் தரும்படி அண்ணையின் கையெழுத்தோடு கேட்டோம். தருவதற்கு அவர்களுக்குச் சட்டம் ஒரு மாதம் கொடுத்திருந்தது. அதுவரை காரை விற்பதில்லை என்று கவுன்சில் சொன்னது. திருப்பித் தரச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் அண்ணை ஆஸ்பத்திரி வாகனத்தில் போய்வந்தார். அது நாலைந்து பேரை ஏற்றி இறக்கிச் சுற்றிச் சுற்றிப் போகும். இயந்திரத்தில் நாலு மணித்தியாலம் கிடந்து எழும்பியவர் திரும்பி வர வாகனம் பார்த்துக் கதிரையில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பார். வாகனத்தைத் தவறவிடக் கூடாது என்று, நேரம் முடிய முதலே தன்னைக் கழற்றிவிடச் சொல்லத் தொடங்கினார். தாதிமார் ஏசினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வாகனம் வரவேயில்லை. திங்கள் காலை தேவி வேலையால் வந்து பார்த்தபோது அவர் கட்டிலில் போயிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

கார் நின்றிருந்தால் இருந்திருப்பாரா என்று வைத்தியர் சொல்லவில்லை. ஏற்கெனவே பலவீனமான உடம்பு என்றுதான் சொன்னார். நானும் தேவியிடம் அதைத்தான் சொன்னேன். எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், உள்ளே இறங்கவில்லை.

செத்தவீட்டுக்கு ஹெலனும் வந்தார். கறுப்புக் கோட்டோடு பின்வரிசையில் நின்று, முடியும் வரை இருந்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இரண்டு நாளில் அந்தப் பதிவு வந்து சேர்ந்தது.

நானும் ஹெலனும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். பதினொரு நிமிடம். கதவு திறக்கிறது. சாரமும் கம்பளிச் சட்டையுமாகக் குணம் அண்ணை. இடது கையில் கட்டு. போனில் மட்டும் கேட்டிருந்த மனிதரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்; செத்தவீட்டில் பார்த்ததைப் பார்த்ததென்று சொல்ல மாட்டேன். பெயிலிவ் சத்தமாக, மெதுவாக, ஐந்து கடிதம் அனுப்பியதாகச் சொல்கிறான். "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டுகிறார். காரை எடுக்கப்போவதாகச் சொல்கிறான். "ஓம், ஓம்." பிறகு தமிழில், "உள்ளுக்கு வாங்கோ தம்பி, குளிருக்கை நிக்காதேங்கோ" என்கிறார். அவனுக்கு விளங்கவில்லை. கையால் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். கமெரா வீட்டுக்குள்ளே வெறும் நடைபாதையையும் சப்பாத்துத் தட்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு அட்டையை எடுத்துவர அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வரும்போது அட்டை கையில் இருக்கிறது. முகம் வேறாக இருக்கிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தனக்குள் ஏதோ சொல்கிறார். பிறகு நிமிர்ந்து, தெரிந்த ஆங்கிலத்தில், கடிதங்களை எடுத்து வைத்தது தான்தான், தன் மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். இரண்டு தடவை சொல்கிறார். பின்னால் லொறியின் சங்கிலிச் சத்தம். படம் வெளியே தெரிய அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

தனக்குள் சொன்னது என்ன என்று ஹெலன் கேட்டார். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். விளங்காமல் அல்ல. சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். ஹெலன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவை நிறுத்தினார்.

அந்த ‘ஓம்’ பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன். யாழ்ப்பாணத்து ஆள் ஆம் என்பதற்கும் ஓம் என்பார், வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போதும் ஓம் என்பார், போனில் ஒரு நிமிடத்துக்கு ஐந்து தடவை சொல்வார். நீ சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, சம்மதம் இல்லை. தலையாட்டுவதும் அப்படியே. என் இருபத்திரண்டு வருடத்தில் ஹெலன் ஒரு சொல்லும் வெட்டாத பக்கம் அது ஒன்றுதான். கவுன்சில் எங்கள் பக்கம் நின்றது. பெயிலிவ் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கார் வாசலுக்கு வந்தது, மன்னிப்புக் கேட்டு அண்ணையின் பெயருக்கு ஒரு கடிதமும் வந்தது. முதல் தண்டம் மட்டும் அப்படியே நின்றது. தேவி அதைக் கட்டிவிட்டா.

பதிவைப் பார்க்க வேண்டும் என்று தேவியே கேட்டா. "அவரின்ரை குரல் அதிலை இருக்குதோ?" என்று கேட்டா. அவர்களிடம் வேறு பதிவு ஒன்றும் இல்லையாம், கலியாணக் கசெற்றுகூட ஊரில் இடப்பெயர்வில் போய்விட்டதாம். இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. முன்மேசைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இருத்திப் போட்டுக் காட்டினேன்.

குளிரில் நிற்காதே என்று அவர் அவனைக் கூப்பிட்ட இடத்தில் தேவி சிரித்தா. "இப்பிடித்தான், ஆரையும் வாசல்ல நிக்க விட மாட்டார்" என்றா. நடைபாதை வெறுமையாக இருந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எங்கே போயிருக்கிறார், சாமித்தட்டில் அட்டைக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று அவவுக்குத் தெரியும். அவர் திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்தார். நான் கேட்கவில்லை என்று சொன்னது அந்தச் சின்ன அறையில் தெளிவாகவே கேட்டது.

"ஏனப்பா, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

பிறகு ஆங்கிலத்தில், நான்தான் வைத்திருந்தேன், அவவுக்கு ஒன்றும் தெரியாது.

பதிவு முடிந்து திரை கறுத்தது. கார் போன அந்தக் காலைக்குப் பிறகு ஆறு கிழமை அந்த மனிதர் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறார். இவவும் சொல்லாமல் இருந்திருக்கிறா. லாச்சிக்குள் அந்தப் படிவம் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. நான் கடதாசித் துணிப் பெட்டியை அவ பக்கம் தள்ளினேன். அவ அதைத் தொடவில்லை.

"அப்ப அவருக்குத் தெரியும், என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன்.

அந்த ஓமுக்கு அவவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.